புது வண்டி சீட்டுக்கு வந்தது

ஆம்பூர்,
6.7.2025, ஞாயிறு.

அன்புள்ள தம்பி நத்தானியேலுக்கு,

அக்கா ஜெபராணி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். உன் மாமாவுக்கு இடுப்பு வலி உட்கார்ந்தால் குறைகிறது, எழுந்தால் கூடுகிறது. ஆகையால் மனிதர் உட்கார்ந்தே இருக்கிறார். மகள் அக்சா நர்சிங் இரண்டாம் வருஷம் போய்விட்டாள். உன் சுகத்துக்குப் பதில் எழுது.

கையில் போன் இருக்க இவளுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். சிரி. போன மாதம் எங்கள் கம்பெனியில் எல்லார் போனிலும் வருகைப் பதிவுக்கு ஒரு ஆப் ஏற்றினார்கள். அதே வாரம் ஸ்ப்ரே செக்‌ஷன் பெண்கள் மூன்று பேர் யூனியன் சேரலாமா என்று போனில் பேசியிருக்கிறார்கள். மறுநாள் மூன்று பேரையும் ஹெச்.ஆர். கூப்பிட்டு, "இன்னாம்மா, வீட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டாராம். அவர் சௌக்கியம் விசாரித்தால் யாருக்கும் சௌக்கியம் இல்லை என்று அர்த்தம். அதனால் இனிமேல் போனில் சாப்பாடு, காய்ச்சல், மழை மட்டும் பேசுவோம். வேலைப் பேச்சு காகிதத்தில்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வேலை உனக்குத் தெரியும். தோலை மேஜையில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சூடு போட்ட இடம் எல்லாவற்றையும் வெள்ளிப் பென்சிலால் வட்டம் போடுகிற மார்க்கிங் வேலை. அந்த வட்டங்களை விட்டுவிட்டு வெட்டுவார்கள். அது சீட்டாகி உன் கார் கம்பெனிக்கு வந்து, உன் கையால் வண்டிக்குள் ஏறுகிறது. உனக்கு அந்த வேலை கிடைத்தபோது நான் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேனே, அக்காள் வட்டம் போட்டதைத் தம்பி மாட்டுகிறான், கர்த்தர் ஒரே வீட்டில் இரண்டு விளக்கு ஏற்றினார் என்று!

இப்போது உங்கள் கம்பெனி பெட்ரோல் வண்டியைக் குறைத்து பேட்டரி வண்டிக்குப் போகிறது, புது வண்டியில் தோலே கிடையாது, எல்லாம் ரெக்ஸின் என்று இங்கே பேச்சு. பேச்சை விடு. நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பழைய அடையாள அட்டையில் செல்லுபடி இரண்டு வருஷம் போட்டிருந்தது. புதிதாகக் கொடுத்ததில் டிசம்பர் வரைக்கும்தான். போன புதன்கிழமை ஒரு ஆள் வந்து மார்க்கிங் ஹாலை டேப் வைத்து அளந்தான். டீ கொடுத்தோம், வேண்டாம் என்றான். டீ வேண்டாம் என்கிற ஆளை நான் நம்ப மாட்டேன்.

நீ சீட் மாட்டுகிற லைனில் நிற்கிறவன். புது வண்டிக்கு வருகிற சீட் தோலா, ரெக்ஸினா? ஒரே வார்த்தை எழுது. சுற்றி வளைக்காதே. சின்ன வயசில் அமிர்தி காட்டைப் பார்க்கப் போனபோது செருப்பை ஆற்றில் விட்டுவிட்டு, "குரங்கு தூக்கிக்கினு போய்டுச்சு" என்று அழுதவன் நீ. எனக்கு மறக்கவில்லை.

உனக்காக ஜெபிக்கும் அக்கா,
ஜெபராணி.


பூந்தமல்லி,
29.7.2025, செவ்வாய்.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பியின் ஸ்தோத்திரம்.

இங்கே நான் சுகம். மாமாவை அந்தத் தைலத்தை விடாமல் தேய்க்கச் சொல். அக்சாவுக்கு ஊசி போட முதல் ஆளாக என்னைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவை.

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் டேப் வைத்து அளந்த கதை. அக்கா, ஹாலுக்கு வெள்ளையடிக்கக்கூட அளப்பார்கள். டீ குடிக்காதவனுக்கு சுகர் இருந்திருக்கும்.

புது மாடலைப் பற்றி வெளியே பேச மாட்டோம் என்று எங்களிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். அதனால் நீ கேட்டதற்குப் பதில் எழுத முடியாத நிலைமை. ஆனால் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மேலே எழுதியிருக்கிற விலாசத்தைக் குறித்துக்கொள். ஒரகடம் பக்கம் வாடகை ஜாஸ்தி என்று இங்கே காஷிஃப் என்கிற தோஸ்த்தோடு வந்துவிட்டேன். கம்பெனி பஸ் இங்கேயும் வரும். வேலை மூச்சு முட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் வேலை ஜாஸ்தி, அதனால் சர்ச்சுக்குப் போக முடியவில்லை. கோபிக்காதே. விரலெல்லாம் பசை பிடித்து, சோறு பிசைந்தால் சோறு கையை விட்டு வர மாட்டேன் என்கிறது.

அன்புத் தம்பி,
நத்தானியேல்.


ஆம்பூர்,
10.8.2025, ஞாயிறு.

அன்புள்ள நத்தானுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே சுகம். இரண்டு நாளாக நல்ல மழை.

உன் கடிதத்தை ஒரு தோலைப் போல மேஜையில் விரித்துப் படித்தேன். இரண்டு இடத்தில் வட்டம் போட்டிருக்கிறேன். ஒன்று, பிளாண்ட்டுக்கு ஞாயிறு லீவு என்று நீதான் சொன்னாய். இப்போது ஞாயிற்றுக்கிழமைதான் வேலை ஜாஸ்தி என்கிறாய். இரண்டு, சீட்டை போல்ட் போட்டு மாட்டுவோம் என்று எனக்குச் செய்து காட்டினாயே, அதற்குப் பசை எங்கிருந்து வந்தது? ஒருவேளை லைன் மாற்றியிருப்பார்கள். அப்படியென்றால் அதையாவது எழுதேன்.

இங்கே நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிவிட்டார்கள். "விருப்ப விலகல் திட்டம்." விருப்பமாம்! அக்டோபர் 31-க்குள் தானாக எழுதிக் கொடுத்துப் போகிறவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை. போகாதவர்களுக்கு என்ன என்று ஒரு வரிகூட இல்லை. ஆர்டர் போனால் எல்லாரையும் வெறுங்கையாக அனுப்பிவிடுவார்கள், இப்போதே வாங்கிக்கொண்டு போவதுதான் புத்தி என்று பாதிப் பேர். இது நம்மை ஓட்டுவதற்கு வைத்த பொறி, நகராதே என்று மீதிப் பேர். சூப்பர்வைசர் நசீர் பாயைக் கேட்டால், "எனக்கே தெரியலம்மா" என்கிறார். அவருக்குத் தெரியாதா, சொல்லக் கூடாதா, அது அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

என் எதிரே உட்கார்ந்து வட்டம் போடுகிற ஹீனா உனக்கு நினைவிருக்கும். ரம்ஜானுக்கு உனக்கென்று தனியாக ஒரு டப்பா பிரியாணி கொடுத்து அனுப்புவாளே, அவள்தான். பதினொரு வருஷமாக ஒரே மேஜை. புருஷன் போன பிறகு அவள் வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான். என் வீட்டிலும் இப்போது என் கை ஒன்றுதான். இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

எழுதக் கூடாது என்றால் எழுதாதே. புது சீட்டில் விரல்நகம் அளவு ஒரு துண்டு, குப்பையில் கிடந்தாலும் சரி, கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். போனில் அனுப்ப முடியாத ஒன்றைத் தபாலில் அனுப்பலாம், பார்த்தாயா.

உன் அக்கா,
ஜெபராணி.


பூந்தமல்லி,
16.9.2025, செவ்வாய்.

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். பதில் தாமதமானதற்குக் காரணம் காய்ச்சல். இப்போது சுகம். லைன் மாற்றிவிட்டார்கள், அதனால்தான் பசை. நீ போலீசில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

இதோடு இருக்கும் துண்டு புது வண்டி சீட்டுக்கு வந்தது. பேட்டரி வண்டி, நீ கேட்ட அதே மாடல். இதற்கு மேல் என்னைக் கேட்காதே. யாருக்கும் காட்டாதே.

மாமாவுக்கும் அக்சாவுக்கும் அன்பு.

நத்தானியேல்.


ஆம்பூர்,
21.9.2025, ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு,

துண்டு வந்து சேர்ந்தது. காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். கஞ்சி வைத்துக் குடி, பரோட்டா பக்கம் போகாதே.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும் துண்டைப் பாதியாகக் கத்தரித்தேன். ஒரு பாதியை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். தோல் என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், சுருண்டு சாம்பலாகும். இது உருகியது. உருகி, மிளகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டையாக நின்றது. உன் மாமா உள்ளேயிருந்து, "இன்னா பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குது?" என்று சத்தம் போட்டார். அந்த உருண்டையை விரலால் உருட்டிப் பார்த்தேன். பத்தொன்பது வருஷம் தோலைத் தடவிய கை.

நேற்று ஹீனாவிடம் மட்டும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் பேரைச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், சொன்னேன்.

அவளிடம் சொன்ன பிறகுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் தோல் சீட்டின் முன்பக்கத்துக்கு மட்டும்தான். முதுகுக்குப் பின்னால் இருக்கிற பக்கத்துக்கு எந்தக் காலத்திலும் ரெக்ஸின்தான் போடுகிறார்கள். நீ வெட்டிய இடம் முன்பக்கமா, பின்பக்கமா? இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன். மீதிப் பாதியை பைபிளில் யோபு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அக்டோபர் 31-ஆம் தேதி வரைக்கும் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

ஜெபராணி.


ஆம்பூர்,
12.10.2025, ஞாயிறு.

நத்தான்,

நாங்கள் சுகம். நீ சுகமா இல்லையா என்றே தெரியவில்லை. மூன்று வாரமாக முன்பக்கம் என்றும் இல்லை, பின்பக்கம் என்றும் இல்லை.

வியாழக்கிழமை நீ போன் செய்தாய். இரண்டு முறை தொண்டையைக் கனைத்தாய். ஏதோ சொல்லப் போகிறாய் என்று நான் அடுப்பைக்கூட அணைத்துவிட்டு நின்றேன். "சாப்ட்டியாக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். போனில் வேலைப் பேச்சு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இருந்தாலும் ஒரு மனிதன் சாப்பிட்டாயா என்று கேட்க அத்தனை நேரம் கனைக்க மாட்டான்.

அதே வியாழக்கிழமை ஹீனா கையெழுத்துப் போட்டுவிட்டாள். "கொஞ்சம் பொறு, தம்பி கிட்டேருந்து இன்னொரு லெட்டர் வரணும்" என்றேன். "எதுக்கு பொறுக்கணும்? கடைசில போனா கூட்டம், பேஜாரு. நீ சொன்னா சரியா இருக்கும் ஜெபா. நீ போட்ட வட்டத்த நான் என்னிக்காவது அழிச்சிருக்கேனா?" என்றாள். ஹெச்.ஆர். அறையிலிருந்து வெளியே வந்து தன் வெள்ளிப் பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் இப்போது யாரும் இல்லை.

உன்னை யாராவது மிரட்டுகிறார்களா? என் கடிதத்தை யாராவது பிரித்துப் படிக்கிறார்களா? அந்த காஷிஃப் யார்? எனக்குப் பயமாக இருக்கிறது. எழுது.

அக்கா.


பூந்தமல்லி,
28.10.2025, செவ்வாய்.

அன்புள்ள அக்கா,

சுகம். கையெழுத்துப் போடாதே. புது வண்டியில் முன்பக்கம் தோல்தான், என் கண்ணால் பார்த்தேன். அந்தத் துண்டைத் தூக்கி எறி. விவரம் பிறகு எழுதுகிறேன்.

நத்தானியேல்.


ஆம்பூர்,
2.11.2025, ஞாயிறு.

நத்தானியேலுக்கு,

உன் கார்டு நேற்று, சனிக்கிழமை வந்தது. தேதி வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. நான் கையெழுத்துப் போடவில்லை. உன் கார்டால் அல்ல. எப்படி என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை சாயங்காலம், நாளைக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் பைபிளைத் திறந்தேன். மீதிப் பாதி கையில் விழுந்தது. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, முதல் தடவையாக, தோலைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தேன். நான் கத்தரித்த பக்கம் போக மற்ற ஓரமும் கத்தரிக்கோலால் வெட்டியது, பல் பல்லாகத் தெரிகிறது. ஃபேக்டரியில் மெஷின் வெட்டினால் அப்படி இருக்காது. பின்னால் மஞ்சள் பசை, கையால் தடவியது. ஒரு ஓரத்தில் வரிசையாக ஊசி ஓட்டை, அதில் ஒரு நூல் எலாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலாஸ்டிக், நத்தான்! கம்பெனியில் பிறந்த சீட்டுக்கு எலாஸ்டிக் எதற்கு? அது கடையில் வாங்கி மேலே மாட்டுகிற கவருக்கு இருப்பது. நம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சீட் கவர் கடை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறதே, அதுதான்.

பிறகு உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். இரண்டும் செவ்வாய்க்கிழமை எழுதியவை, நேற்று வந்த கார்டும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை வேலை ஜாஸ்தி, செவ்வாய்க்கிழமை ஓய்வு. விரலெல்லாம் பசை. அது எந்தக் கார் கம்பெனி? அது கடை. நீ பூந்தமல்லியில் ஒரு சீட் கவர் கடையில் வேலை செய்கிறாய். எத்தனை மாதமாக?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் டேப் வைத்து அளந்தவனைச் சந்தேகப்பட்டேன், ஹெச்.ஆரைச் சந்தேகப்பட்டேன், என் கையிலிருக்கிற போனைச் சந்தேகப்பட்டேன். நீ அனுப்பிய துண்டை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. நேரே நெருப்பில் காட்டினேன். ஏனென்றால் அனுப்பியவன் நீ.

ஹீனா போய்விட்டாள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன் மேல் அத்தனை கோபம். ஆனாலும் நீ சாப்பிடுகிறாயா என்று கேட்காமல் கடிதத்தை முடிக்க முடியவில்லை. சாப்பிடுகிறாயா?

ஜெபராணி.


பூந்தமல்லி,
18.11.2025, செவ்வாய்.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கால் தொட்டு எழுதுகிறேன். சாப்பிடுகிறேன்.

மார்ச் மாதம் 24-ஆம் தேதி காலை ஷிப்டுக்குப் போனேன். கேட்டில் கார்டைக் காட்டினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினேன். அதே சிவப்பு. எனக்குப் பின்னால் நின்றவனுக்கும் சிவப்பு. செக்யூரிட்டி ஒரு தாளைப் பார்த்து, "உங்க லைன் பசங்க எல்லாம் ஓரமா நில்லுங்க" என்றான். வேறு யாரும் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டைத் தூக்கி வண்டிக்குள் வைக்க மெஷின் வந்துவிட்டது, எங்கள் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று மத்தியானம் மெசேஜ் வந்தது. எண்பது பேர் டிபன் பாக்ஸோடு ரோட்டில் நின்றோம். சோற்றை அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உனக்குச் சொல்லியிருக்கலாம். போனை எடுக்கும்போதெல்லாம் நீ சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னதுதான் கண் முன்னால் வந்தது. சொன்ன சாட்சியை எப்படித் திரும்ப வாங்குவாய்? வேறு பெரிய வேலை கிடைத்ததும் சேர்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் நீ கடிதம் எழுதிவிட்டாய், லைனில் நிற்கிறவன் நீ, சொல் என்று. புது மாடல் சீட்டை நான் பார்த்ததே இல்லை அக்கா. தெரியாது என்று எழுதினால், ஏன் தெரியாது என்று கேட்பாய்.

காஷிஃப் பாய் கடை முதலாளி. நல்ல மனிதர். ஒரு நாள் பேட்டரி வண்டி வாங்கிய ஒருவர், பூஜை போட்ட சந்தனம்கூடக் காயாமல் சீட் கவர் போட வந்தார். அந்தக் கவரில் மிஞ்சிய துண்டைத்தான் உனக்கு அனுப்பினேன். "புது வண்டி சீட்டுக்கு வந்தது" என்று எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சேர்த்துப் படித்தால் பொய். உன்னைத் திருப்திப்படுத்திவிட்டால் கேட்பதை நிறுத்திவிடுவாய் என்று மட்டும்தான் நினைத்தேன். நீ அதை நெருப்பில் காட்டுவாய், ஹீனாக்கா அதை நம்பி வேலையை விடுவார்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

முன்பக்கமா பின்பக்கமா என்று நீ கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அதே மாடல் இன்னொன்று கடைக்கு வருகிறதா என்று தினமும் வாசலைப் பார்த்தேன். தீபாவளி கழிந்துதான் வந்தது. சீட்டைத் தடவிப் பார்த்தேன், தோல்தான். நல்ல தோல். "இது இன்னா சார், நல்ல லெதர் மேல போயி ரெக்ஸின் மாட்டறீங்க?" என்று வண்டிக்காரரைக் கேட்டேன். "லெதர் வீணாப் போயிடும்ல தம்பி" என்றார். அக்கா, நீ வட்டம் போட்டு அனுப்பியதன் மேலேதான் நான் பசை தடவிக்கொண்டிருக்கிறேன்.

ஹீனாக்காவுக்கு என்ன சொல்வது?

உன் தம்பி,
நத்தானியேல்.


ஆம்பூர்,
14.12.2025, ஞாயிறு.

அன்புள்ள நத்தானுக்கு,

எல்லாரும் சுகம். கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அவன் மரத்தடியில ஒண்டியா உக்காந்து துன்னான் பாரு, அத்த சொல்லு மொதல்ல" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை போனது உன் குற்றம் இல்லை. சபையில் சாட்சி சொன்னது என் வாய், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. கடை வேலையும் வேலைதான்.

இங்கே ஆர்டர் வந்துவிட்டது. பேட்டரி வண்டிக்குத் தோல், இரண்டு வருஷத்துக்கு. ஹாலை அளந்தது, நீ சொன்ன மாதிரியே வெள்ளையடிக்கத்தானாம். அதையும் நான் முழுசாக நம்பவில்லை, அது வேறு. கையெழுத்துப் போட்டுப் போனவர்களைத் திரும்ப எடுப்பதில்லை என்று கேட்டிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். ஹீனா அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனாள் என்று செக்யூரிட்டி சொன்னார். இப்போது பேர்ணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ யூனிட்டில் நாள் கூலிக்குப் போகிறாள்.

மார்க்கிங் டேபிளுக்கு என்னை லீடராகப் போட்டிருக்கிறார்கள். சீனியாரிட்டிப்படி அது எனக்கு முன்னால் கம்பெனியில் சேர்ந்த ஹீனாவுக்கு வர வேண்டிய இடம். நசீர் பாய் சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்து எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கம்பெனி கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு முன் சொல்லிவிடுவேன்.

உன் அக்கா,
ஜெபராணி.


பூந்தமல்லி,
6.1.2026, செவ்வாய்.

அன்புள்ள அக்கா, மாமா, அக்சாவுக்கு,

ஸ்தோத்திரம். புது வருஷ வாழ்த்து. அக்கா, லீடரானதற்கு நீ வருத்தப்படாதே.

ஹீனாக்காவிடம் சொல்லிவிட்டாயா? போனில் கேட்டேன், மழையைப் பற்றிச் சொன்னாய். மார்கழிப் பனியில் ஏது மழை?

சொல்லவில்லை என்றால் பரவாயில்லை. பொய் என்னுடையது, நானே சொல்கிறேன். 18-ஆம் தேதி ஞாயிறு வருகிறேன். காஷிஃப் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுக்காத மனிதர், "மொதல்ல போய் மாஃபி கேட்டுட்டு வா" என்று கொடுத்துவிட்டார். நீயும் கூட வா. ஹீனாக்கா வீட்டு வாசலில் நின்று, நடந்ததை நடந்தபடி சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். இது முடிந்தால்தான் எனக்கு நெஞ்சு லேசாகும்.

உன் தம்பி,
நத்தானியேல்.


ஆம்பூர்,
11.1.2026, ஞாயிறு.

அன்புள்ள தம்பி நத்தானியேலுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். மாமா இப்போது தெருமுனை வரைக்கும் நடக்கிறார். அக்சா நன்றாகப் படிக்கிறாள். பனி ஜாஸ்தியாக இருக்கிறது. நீ காதில் ஏதாவது கட்டிக்கொண்டு போ.

கிறிஸ்துமஸ் அன்று ஹீனா வந்திருந்தாள். கேக் கொடுத்தேன், மகளுக்கும் மடித்து எடுத்துக்கொண்டாள். கை விரலெல்லாம் கொப்புளம், புது வேலை பழகவில்லையாம். "உன் தம்பி மாத்திரம் அன்னிக்கி சொல்லலன்னா நான் என்னிக்கி என்னாகுமோன்னு செத்துக்கினே இருந்திருப்பேன். அவனுக்கு துவா பண்றேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

போகும்போது, "அந்த மீதித் துண்டு வெச்சிருக்கியா ஜெபா? குடேன். என் அண்ணன் நம்ப மாட்டேங்கறாரு, நானும் ஒரு தபா பாக்கறேன்" என்று கேட்டாள். அன்றைக்கே எரித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் கண் என் கண்ணைவிடக் கூர்மை. இதோடு அதை வைத்திருக்கிறேன். அங்கேயே குப்பையில் போட்டுவிடு, திரும்ப அனுப்பாதே.

18-ஆம் தேதி வருகிறேன் என்று எழுதியிருந்தாய். இப்போது வேண்டாம். லீடரான பிறகு எனக்கு உட்காரக்கூட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வேலை ஜாஸ்தி.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ஜெபராணி.